டைனாபுக்கும் ஜென்ட்ஸ் சைக்கிளும்

ஒரு பூங்காவின் புல்தரையில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் படுத்துக் கிடக்கிறார்கள். ஒருவன் ஜிம்மி, ஒருத்தி பெத். ஆளுக்கொரு கருவி, பள்ளிக்கூட நோட்டு அளவுக்கு. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து விண்வெளிக் கப்பல் சண்டை விளையாடுகிறார்கள். பெத் ஜெயித்துவிடுகிறாள். இன்னொரு ஆட்டம் போடலாமா என்கிறான் ஜிம்மி. வேண்டாம், ரொம்ப ஈஸியா இருக்கு என்கிறாள் அவள். நிஜ விண்வெளியில் சூரியன் இழுக்கும், அப்போது ஜெயித்துக் காட்டு பார்ப்போம் என்று அவன் சீண்டுகிறான். கதை இங்கேதான் திரும்புகிறது. அவர்கள் வேறு விளையாட்டைத் தேடிப் போகவில்லை. இதே விளையாட்டுக்குள் ஒரு சூரியனைக் கொண்டுவந்து வைப்பது எப்படி என்று வாத்தியாரிடம் கேட்கப் போகிறார்கள். அவரும் தானே செய்து கொடுத்துவிடவில்லை. அவர்கள் கையிலுள்ள கருவியிலிருந்தே நூலகத்தில் எப்படித் தேடுவது என்று காட்டிக்கொடுக்கிறார்.

இது சிறுகதை இல்லை. 1972 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் நடந்த கணினியாளர் மாநாட்டுக்காக ஆலன் கே எழுதிய ஆய்வுக்கட்டுரை. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான ஒரு தனியாள் கணினி'. கே அப்போது ஜெராக்ஸ் நிறுவனம் பாலோ ஆல்டோவில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் இருந்தார். கணினி என்றால் பெரும்பாலும் ஒரு அறை, ஒரு ஏ.சி., ஒரு பூட்டு, உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஓர் ஆள் என்றிருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் இந்த மனிதர் 9க்கு 12 அங்குலம், 4 பவுண்டுக்குக் கீழே எடை, 500 டாலர் விலை என்று எழுதி வைக்கிறார். அதில் எழுதலாம், வரையலாம், பாட்டு அமைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே ஓடுகிற எதையும் அந்தப் பிள்ளையே திறந்து மாற்றலாம். கருவியின் பெயர் டைனாபுக்.

டைனாபுக் கடைசிவரை செய்யப்படவில்லை. அட்டையில் செய்த ஒரு மாதிரி மட்டும் இருந்தது. அதை நோக்கிப் போகிற வழியில் 1973இல் ஆல்ட்டோ என்ற இயந்திரம் வந்தது, ஸ்மால்டாக் என்ற நிரல்மொழி வந்தது. இன்று நம் திரைகளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிற ஜன்னல்கள் எல்லாம் அந்தக் கூடத்தின் வழி வந்தவை. 2010இல் ஐபேட் வெளியானபோது, இதோ டைனாபுக் வந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அதே ஏப்ரலில், பிள்ளைகள் ஸ்க்ராட்ச்சில் எழுதிய நிரல்களை ஓட்டிப் பார்க்கும் செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. ஐபேடை டைனாபுக் என்று கே ஒப்புக்கொள்ளவே இல்லை. பெத் அதில் நன்றாக விளையாடலாம். சூரியனை மட்டும் வைக்க முடியாது.

இந்தக் கட்டுரையை நான் முதலில் படித்தது அரிமளத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில், ஓரம் விரிசல் விட்ட போனில். தொழில்நுட்பம் படித்தவள் இல்லை நான், கதை படிக்கிறவள். அதனால் கதையைப் படிப்பதுபோலத்தான் படித்தேன். அப்படிப் படிப்பதுதான் சரி என்பது இன்றும் என் கட்சி. லட்சியக் கருவி ஒன்றைக் கற்பனை செய்கிற யாரும் கூடவே ஓர் ஆளையும் கற்பனை செய்துவிடுகிறார்கள். அளவையும் எடையையும் விலையையும் பார்ப்பதற்கு முன், கருவியைக் கையில் வைத்திருப்பது யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு நேரம் இருக்கிறது, நடுவில் யார் கூப்பிடுவார்கள் என்று பார்த்துவிட வேண்டும். பாத்திரப் படைப்பு அங்கேதான் இருக்கிறது.

பெத்தைப் பாருங்கள். மத்தியான நேரம் முழுக்க அவளுடையது. பாத்திரம் விளக்க யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் வந்து குடு பாத்துட்டுத் தர்றேன் என்று பிடுங்கவில்லை. கீழே புல் இருக்கிறது. எங்கள் ஊரைச் சுற்றித் தைலமரக்காடுதான், அதன் அடியில் புல் அவ்வளவாக முளைக்காது. இது நையாண்டிக்காகச் சொல்வதில்லை. கேயின் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்த புனைவுகளில் ஒன்று. ஆனால் டைனாபுக்கின் விலை 500 டாலர் என்று போட்டவர், அந்தப் புல்தரைக்கும் மத்தியானத்துக்கும் விலை போடவில்லை.

*

'பெர்சனல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு தமிழ் ரொம்ப நாள் தடுமாறியது. தனியாள் கணினி என்றார்கள், தனிநபர் கணினி என்றார்கள். எங்கள் பக்கம் பேச்சில் வருவது சொந்தம். சொந்த வீடு, சொந்த வண்டி. ஆனால் சொந்தம் என்றால் உறவும்தானே. சொந்தக்காரர் என்று ஒருவரைச் சொன்னால் அவர் உடைமையாளரா, மாமன் மச்சானா என்று அடுத்த வார்த்தை வந்தால்தான் தெரியும். தனியாள் என்ற சொல்லில் உறவுக்காரர்கள் யாரும் இல்லை. சொந்தம் என்ற சொல்லில் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த கணினி சொந்தக் கணினி.

அது அரசு கொடுத்த மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. ஐந்து ஆண்டில் 68 லட்சம் பேருக்கு என்று சொல்லப்பட்டது. மூடியில் அவர் படம். எனக்குக் கிடைத்தது பன்னிரண்டாவது படிக்கும்போது. அதற்கு முந்தைய வருஷம், பதினொன்றாவதில், அரசின் விலையில்லா சைக்கிளும் கிடைத்திருந்தது. அரசுப் பள்ளியில் படித்த என் வயதுப் பெண்களுக்கு இந்த இரண்டும் ஒரு வருஷ இடைவெளியில் வந்தன. முதலில் இரண்டு சக்கரம், அப்புறம் ஒரு திரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று தோன்றவில்லை.

மடிக்கணினி வந்த அன்றிலிருந்து என் பேரில் இருந்தது, என்னிடம் இல்லை. அண்ணன் படம் ஏற்றினான். அயித்தை மகள் கல்யாண வீடியோ அதில்தான் ஓடியது, குறைந்தது நாற்பது தடவை. சித்தப்பா பத்திரம் ஸ்கேன் செய்து போட்டு வைத்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு. நான் கதை எழுதினேன். யாராவது திறந்தால்? அதனால் கோப்புறைக்கு 'கெமிஸ்ட்ரி ரெக்கார்டு' என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் அதைத் திறந்து பார்க்கிற ஆர்வம் யாருக்கும் இருக்காது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. மூன்றாவது வருஷம் அக்கா மகன் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்ததில் கீல் போய், திரை தனியாகத் தொங்கியது.

சைக்கிள் இன்னும் ஓடுகிறது. டயர் இரண்டு தடவை மாற்றியாயிற்று. பெடல் வேறு, சீட் வேறு. செயின் கழன்றால் ரோட்டோரத்தில் நிறுத்தி ஒரு குச்சியால் மாட்டிக்கொள்ளலாம், கை கருப்பாகும், அவ்வளவுதான்.

*

சைக்கிள் பேச்சு வந்தால் புதுக்கோட்டைக்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவோம். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்துக்குள் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தது அவர் யோசனை. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் செய்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1996இல் வந்த அவருடைய 'எவரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' புத்தகத்தில் இருக்கிறது. 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி 1,500க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்ததை அதில் சொல்கிறார். வறட்சியும் வட்டியுமாக நீளும் அந்தப் புத்தகத்தில் மூச்சு விட்டுக்கொள்ளக் கிடைக்கிற ஓர் இடம் அந்தக் கட்டுரை.

அதில் எனக்கு முக்கியமான தகவல் கொடியும் ஊர்வலமும் இல்லை. போகிறபோக்கில் வருகிற ஒன்று. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு இருந்தது, அதனால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டினார்கள். பிறகு பலருக்கு ஜென்ட்ஸ் சைக்கிளே பிடித்துப்போயிற்று. ஏன் என்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கிறது, அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம்.

இந்த ஒரு வரிச் செய்தியை ஒரு வடிவமைப்பாளர் படித்தால் தூக்கம் வராது. பெண்களுக்கென்று யோசித்துச் செய்தது லேடீஸ் சைக்கிள். பாவாடை, சேலை தடுக்காமல் இருக்கட்டும் என்று கம்பியை எடுத்துவிட்டுச் செய்தது. அவர்களை நினைக்காமலே செய்த சைக்கிளில் அவர்களுக்கு வேண்டியது இருந்தது. அந்தப் பெண்ணோடு ஒரு பிள்ளையும் வரும் என்பது வரைபடம் போட்டவருக்குத் தோன்றவில்லை. தனியாள் என்று நினைத்துவிட்டார்.

அம்மா கற்றுக்கொண்டது அந்த வருஷம்தான். அப்போது அவளுக்குப் பதினெட்டு. மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள், அதுவும் ஜென்ட்ஸ். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது முழங்காலைத் தடவிக்கொள்வாள். "பஸ்ஸுக்கு நிக்கிறதே ஒரு வேலைத்தா. அண்ணன் வரணும், அப்பா வரணும், எவனாச்சும் ஒருத்தன் வந்து ஏத்திவிடணும். சைக்கிள் வந்ததும் நேரம் மிச்சம்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு நேரம்லாம் மிச்சமாகல. கேக்காமப் போயிட்டு வந்தேன், அதான்." பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துத் திருமயம் வரை போயிருக்கிறாள். அந்தக் கம்பி குத்தியது எனக்கு நினைவிருக்கிறது.

ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் சைக்கிள் பிடிக்கும். கணினி என்பது மனசுக்கு ஒரு சைக்கிள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது பிரபலம். 1973இல் சயின்டிஃபிக் அமெரிக்கனில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பிடித்த உவமை அது. இடம் விட்டு இடம் போக ஒவ்வொரு உயிரும் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று பார்த்தால் மனுசன் நடுத்தரம்தான், சைக்கிளில் ஏறிவிட்டால் எல்லாவற்றையும் மிஞ்சுகிறான். மெக்கின்டாஷுக்கே 'பைசிக்கிள்' என்று பேர் வைக்கப் பார்த்தார், கூட இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல உவமை. ஆனால் அது சிக்கனத்தைப் பற்றிய உவமை. ஒரு மைலுக்கு எத்தனை கலோரி என்ற கணக்கு. அம்மாவின் கணக்கில் கலோரி கிடையாது, கேட்காமல் போய்விட்டு வந்தேன் என்பதுதான் உண்டு. மனசுக்குச் சைக்கிள் என்று சொன்னவர் பிற்பாடு விற்ற பெட்டிகள், ஒரு திருகைக் கழற்றக்கூட அனுமதி கேட்க வேண்டிய பெட்டிகளாக ஆனதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

குரங்குப் பெடல் போட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. கம்பிக்குக் கீழே முக்கோணமாக ஓர் இடைவெளி இருக்கிறது, அதற்குள் காலை விட்டு, உடம்பை ஒருபக்கம் சாய்த்து, அரைப் பெடலாக மிதித்து ஓட்டிவிடலாம். எந்தக் கம்பெனியும் இதற்காக அந்த முக்கோணத்தை வைக்கவில்லை. சட்டம் உறுதியாக இருக்கட்டும் என்று வைத்தது. எட்டு வயதுப் பிள்ளை அதில் ஒரு வாசலைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு கருவியைப் பார்க்கும்போது நான் இப்போது தேடுவது அந்த முக்கோணத்தைத்தான். செய்தவர் நினைக்காத உடம்பு ஒன்று உள்ளே கால் விட இடம் இருக்கிறதா? டைனாபுக்கில் அது இருந்தது என்றுதான் கேயின் கட்டுரையைப் படித்தால் தெரிகிறது. பெத் விட்ட கால்தான் அந்தச் சூரியன்.

*

நம் ஊர்க்காரர்களும் லட்சியக் கருவியைக் கற்பனை செய்தார்கள். பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலர். பேர் சிம்ப்யூட்டர். 2001இல் மாதிரி வெளிவந்தபோது உலகமே எழுதியது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், நியூயார்க் டைம்ஸ் இதழில் அந்த ஆண்டின் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான் என்று கொண்டாடினார். உள்ளங்கை அளவு, தொடுதிரை, ஒரு குச்சி. எழுத்தறியாதவருக்கு இந்திய மொழிகளில் வாசித்துச் சொல்லும். 9,000 ரூபாய்க்குள் விலை என்று இலக்கு. கருவியின் வரைபடத்தையே பொது உரிமத்தில் வெளியிட்டார்கள், அது பெரிய மனசு. எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் ஸ்மார்ட் கார்டு. கருவி ஊருக்கு ஒன்று இருந்தால் போதும், ஆளுக்கொரு அட்டை. அட்டையைச் சொருகினால் அது உன் கருவி, உருவினால் அடுத்தவருடையது.

விற்றது சில ஆயிரம்தான். ஏன் தோற்றது என்று எழுதியவர்கள் விலை, சந்தை, செல்போன் அலை என்று நிறையக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஒரு புனைவாக அதைப் படித்தால் என்ன தெரிகிறது? சிம்ப்யூட்டரைக் கற்பனை செய்தவர்களுக்கு எங்கள் வீடு தெரிந்திருந்தது. ஒரு கருவியைப் பத்துப் பேர் பகிர்வார்கள் என்று தெரிந்திருந்தது. கேவுக்குத் தெரியாத ஒன்று அது. 'கெமிஸ்ட்ரி ரெக்கார்டு' தேவைப்பட்டவளுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம்! கோப்புறைக்குப் பொய்ப்பெயர் வைக்க வேண்டியதில்லை, அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டால் முடிந்தது.

ஆனால் அட்டையைச் சொருகியபின் அந்த ஆள் என்ன செய்வார் என்று வரும்போது அவர்களுடைய கற்பனை வறண்டுவிடுகிறது. விளைபொருள் விலை பார்ப்பார், நுண்கடன் கணக்குப் பார்ப்பார், அரசுத் தகவல் கேட்பார். விளையாட மாட்டாரா? கதை எழுத மாட்டாரா? அமெரிக்கக் குழந்தைக்குச் சூரியனை வைக்கிற கருவி, இந்தியக் கிராமத்தாருக்கு வெங்காய விலை சொல்கிற கருவி. ஏழை என்றால் தகவல் தேவைப்படுகிறவர் என்பது நல்லெண்ணம் உள்ள படிப்பாளிகளிடம் இருக்கிற ஒரு பழைய நோய். அறிவொளி இயக்கத்துக்கும் அந்த நோய் கொஞ்சம் இருந்திருக்கும், ஆனால் சைக்கிள் அதைக் காப்பாற்றிவிட்டது. சைக்கிளில் எங்கே போக வேண்டும் என்று யாரும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

2004இல் அமிடா என்ற பெயரில் சிம்ப்யூட்டரைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்ததில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அசைத்தால் உணர்கிற சென்சார்கூட அதில் வைத்திருந்தார்கள், ஐபோனுக்கு மூன்று வருஷம் முன்னால். பி.இ.எல். என்றதும் தமிழ் வாசகர்களுக்கு வேறொருவர் ஞாபகம் வருவார்.

*

சுஜாதா அங்கேதான் வேலை பார்த்தார். வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவர் பங்கு எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் தமிழில் ஒரு லட்சியச் சொந்தக் கருவியை யார் கற்பனை செய்தார் என்று கேட்டால் நான் அதே ஆளின் இன்னொரு இயந்திரத்தைச் சொல்வேன்: ஜீனோ. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் வருகிற இயந்திர நாய். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளுகிற வருங்கால இந்தியா. காணாமல்போன கணவனைத் தேடுகிற நிலா. அவள் வீட்டுக்கு ரவி கூட்டிக்கொண்டு வரும் ஜீனோ, போகப் போக நிலாவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நாவலாக அதில் குறைகள் உண்டு. திருப்பங்கள் வாராவாரம் அடுத்த இதழை வாங்கவைக்க எழுதப்பட்டவை, நிலாவுக்கு நாவல் முழுக்கக் கண்ணைக் கசக்குவதைத் தாண்டி வேலை குறைவு. ஆனால் ஜீனோ வருகிற பக்கங்களில் நடை துள்ளுகிறது. அது நையாண்டி செய்யும், கோபித்துக்கொள்ளும், புத்தகம் படிக்கும். படித்துப் படித்துத்தான் அது வெறும் பொம்மை என்ற நிலையிலிருந்து வளர்கிறது. தானாகச் சிந்திக்க ஆரம்பித்ததும் தன் சொந்தக்காரனையே மீறுகிறது.

கேயின் கட்டுரையையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் அடிக்கும். டைனாபுக்கில் படித்து வளர்வது குழந்தை. ஜீனோவில் படித்து வளர்வது கருவி. அங்கே பெத் கேள்வி கேட்டு, தேடி, மாற்றுகிறாள். இங்கே நிலா கேட்கிறாள், நாய் சொல்கிறது, அவள் செய்கிறாள். 'மீண்டும் ஜீனோ'வில் அவள் ராணியே ஆகிவிடுகிறாள், ஆனால் ஆட்சி வேறு கைகளில். சுஜாதா இதைத் தெரிந்துதான் எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் எழுத்து சில நேரம் எழுதியவரைவிடப் புத்திசாலி.

ஜெயித்தது யார் என்று கேட்டால் பதில் நம் எல்லார் கையிலும் இருக்கிறது. கே கேட்ட அளவு, எடை, விலை எல்லாம் வந்துவிட்டன, இன்னும் சின்னதாக, இன்னும் மலிவாகவே வந்துவிட்டன. ஆனால் அந்த உடம்புக்குள் இப்போது குடியேறியிருப்பது ஜீனோ. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டு, தமிழிலும் பேசுகிற, சலிக்காமல் பதில் சொல்கிற ஒன்று. ஜீனோவிடம் இருந்த ஒரு நல்ல குணம் மட்டும் இதற்கு இல்லை. அது நிலாவை எதிர்த்துப் பேசும். இது நாம் சொல்வதற்கெல்லாம் அருமையான யோசனை என்கிறது.

ஏழாவது படிக்கிற அக்கா மகள் கட்டுரைப் போட்டிக்கு 'என் கனவுக் கணினி' என்ற தலைப்பில் எழுத வேண்டியிருந்தது. போனிடம் சொன்னாள். அது எழுதிக்கொடுத்தது. அவள் நோட்டில் அழகாகப் பார்த்து எழுதினாள். பரிசும் வாங்கினாள். பெருமையாகக் கொண்டுவந்து காட்டியபோது நான் என்ன சொல்வது? நன்றாகத்தான் இருந்தது கட்டுரை. அதில் ஒரு பிழையும் இல்லை, அவளும் இல்லை. 'ஏம்மா, உனக்கு நிஜமாவே என்ன மாதிரி கம்ப்யூட்டர் வேணும்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'மாமா எடுக்க முடியாத மாதிரி' என்றாள். பரிசு பெற்ற கட்டுரையில் அது இல்லை.

அம்மாவும் அந்தப் போனில் பேசுவாள். அவளுக்குச் செய்தித்தாள் தலைப்பு வாசிக்க வரும், நீளமாக வாசிக்கச் சலிப்பு. அதனால் பேசுவது அவளுக்குத் தோது. கால் வீக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நிறையச் சொல்லிற்று. எல்லாம் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏத்தா, நான் கேட்டதை இது வேற யார்கிட்டயாச்சும் சொல்லுமா?" பஸ்ஸுக்கு நிற்காமல் கேட்காமல் போய்விட்டு வந்தவளின் கேள்வி அது. சைக்கிளிடம் அவள் இப்படிக் கேட்க வேண்டியிருந்ததில்லை.

*

இப்போதும் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. கொடுப்பதை எள்ளி நகையாடுகிறவர்களோடு எனக்குச் சேர்க்கை கிடையாது. எனக்கு அது கிடைக்காவிட்டால் இந்தக் கட்டுரை கிடையாது. ஆனால் கொடுக்கிறவர்களும் விற்கிறவர்களும் எந்த ஆளைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்கிற உரிமை பெற்றுக்கொண்டவர்களுக்கு இருக்கிறது.

என்னைக் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. கீல் உடைந்தால் கீலை மட்டும் மாற்றுகிற மாதிரி இருக்கட்டும், பஞ்சர் ஒட்டுகிற கடையில் அதற்கு ஆள் இருக்கட்டும். பத்துப் பேர் பயன்படுத்தட்டும், ஆனால் ஆளுக்கொரு அட்டை இருக்கட்டும், உருவினால் உருவியதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கருவியோடு கம்பி போட்டு இணைத்து விளையாட இன்டர்நெட் எதற்கு? எழுத்துக்களின் தட்டச்சு முறையை, 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையையாவது, ஆறாம் வகுப்பிலேயே யாராவது விரலுக்குப் பழக்கிவிடட்டும், என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அம்மாவைக்கூட ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறோம். பேசுகிற நாய் உள்ளே இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிட்டால் வரட்டும், போ என்றால் போகட்டும், எப்போதாவது 'நீ சொல்றது தப்பு' என்று குரைக்கட்டும். அதன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று பெத் திறந்து பார்க்க முடிய வேண்டும். சூரியனை வைக்கிற வழி அது ஒன்றுதான்.

இதை எழுத ஆரம்பித்த வாரம் பரணில் இருந்த பழைய மடிக்கணினியை இறக்கினேன். கரையான் அரிக்காமல் இருந்ததே ஆச்சரியம். அடியில் இருந்த திருகுகளைக் கழற்ற வீட்டில் சின்னத் திருப்புளி இல்லை, சைக்கிள் கடையில் வாங்கிவந்தேன். ஹார்ட் டிஸ்க்கை உருவி, ஒரு கேஸில் போட்டு, வேறு கணினியில் மாட்டினேன். படங்கள் இருந்தன, கல்யாண வீடியோ இருந்தது, சித்தப்பாவின் பத்திரம் இருந்தது. 'கெமிஸ்ட்ரி ரெக்கார்டு' இருந்தது.

திறந்தால் ஒன்றும் புரியவில்லை. நான் அந்தக் காலத்தில் அடித்தது பாமினி எழுத்துருவில், டைப்பிங் சென்டரில் அப்படித்தான் பழகியிருந்தேன். அரசே யூனிகோடுக்கு மாறியது 2010இல், எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வர இன்னும் சில வருஷம் ஆயிற்று. எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். விரல் தன்னால் மேசைமேல் அசைந்தது. எம் என்றால் அ. கே என்றால் ம. அரைப்புள்ளிதான் புள்ளி. அம்மா.

மாற்றி எடுத்துவிட்டேன். மொத்தம் பதினொரு கதைகள். ஒன்பது சுமார்.